முக்கால் பாய்

முடிச்சூரில் நான் குடியிருந்த தெருவில், மூடி, ஜார், மோட்டார் மூன்றும் ஒன்றுக்கொன்று சொந்தமான ஒரு மிக்ஸி எந்த வீட்டிலாவது இருந்தால், அந்த வீட்டுக்காரர்கள் புதிதாகக் குடிவந்தவர்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பழைய ஆட்கள் எல்லோருடைய மிக்ஸியையும் முக்கால் பாய் ஒருமுறையாவது பிரித்திருப்பார்.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. கடைப் பலகையில் அதைப் பார்க்கலாம். முழுசாகப் பார்க்க முடியாது. பலகை எழுத வந்த பெயின்டரை வேலை நடுவில், "ஒரு டீ அடிச்சிட்டு வந்துரலாம் வா" என்று அழைத்துப் போனவர், திரும்பும்போது பெயின்டரை எங்கேயோ விட்டுவிட்டு வந்துவிட்டார். பட்டப்பெயர் அதனால் வந்தது என்று சிலர் சொல்வார்கள். தப்பு. அது அவர் வாயிலிருந்தே வந்தது. யார், எந்தப் பொருளைப் பற்றி, எப்போது போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான்: "முக்கால் முடிஞ்சுது சார். கால்தான்!"

அந்தக் கால் வேலைக்காகத் தெருவே காத்துக்கொண்டிருந்தது.

கட்டடத்தின் முன்பக்கம் அவருடைய கடை. மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், தண்ணீர் மோட்டார் எல்லாம் ரிப்பேர் பார்ப்பார். கடைக்குப் பின்னால் அவர் வீடு; மனைவி ஷமீமா, மூன்றாவது படிக்கும் மகள் ரிஸ்வானா. மாடியில் நான். அப்போது கல்யாணம் ஆகவில்லை. வார இதழ்களுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வீட்டிலேயே இருந்து எழுதுபவன் என்பதால், வேலையில்லாதவன் என்று தெருவில் ஒரு கருத்து நிலவியது. ஒரு காலத்தில் வயலாக இருந்து மனை போடப்பட்ட இடம் அது. மழைக்காலம் வந்தால் தரைக்குப் பழைய ஞாபகம் வந்துவிடும்.

நான் முதன்முதலில் அவரிடம் கொடுத்தது என் மிக்ஸியை. தேங்காய்ச் சட்னியைத் தவிர வேறு பொறுப்பு எதுவும் இல்லாத மிக்ஸி.

"பாய், ரெடியா?"

"முக்கால் முடிஞ்சுது சார்! சவுண்டு கேளுங்க." சுவிட்சைப் போட்டார். மோட்டார் அப்படியொரு சுகமாக ஓடியது. "புதுசுல கூட இப்டி ஓடியிருக்காது சார்."

"பிரமாதம் பாய். ஜார் எங்க?"

"ஜாரா?" ஜார் என்பது ஏதோ பணக்காரர்கள் வைத்துக்கொள்ளும் பொருள் என்பதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு கடையைச் சுற்றிப் பார்த்தார். "இங்கதான் கீது சார். எங்க போயிடும்?"

அது எதிர்வீட்டு கஸ்தூரி டீச்சரிடம் போயிருந்தது. டீச்சரின் ஜார் அடுத்த தெருவில் ஒரு வங்கிக்காரர் வீட்டில் சாம்பார்ப் பொடி அரைத்துக்கொண்டிருந்தது. வங்கிக்காரரின் ஜார் எங்கே என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. தெருவில் யாரையும் தெரியாமல் மாடியில் கிடந்த நான், அந்த ஒரு ஜாரைத் தேடிக்கொண்டு போய் மூன்று குடும்பங்களுக்குப் பழக்கமாகி, இரண்டு வீடுகளில் காபி குடித்துவிட்டு வந்தேன். யோசித்துப் பார்த்தால், அந்தத் தெருவில் பலரும் ஒருவருக்கொருவர் அறிமுகமானது இப்படித்தான்.

கஸ்தூரி டீச்சர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வீட்டு ஹாலில் டியூஷன் எடுப்பார். ஒரு நாள் காலை அவருடைய ஃபேனைக் கழற்றி, இறக்கைகளை சோபாவில் வரிசையாகப் படுக்கவைத்துவிட்டு, "கண்டன்சர் வாங்கிகினு தோ வந்துட்டேன் டீச்சர்" என்று பாய் வண்டியை எடுத்தார். ஹாலின் நடுவே ஏணி நின்றது.

போகும் வழியில் யாரோ ஒருவர் பெட்ரோல் தீர்ந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பாய் காலால் உந்தித் தள்ளி அவரைப் பெருங்களத்தூர் பங்க் வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். பங்க்கில் ஒரு பழைய சிநேகிதர் அகப்பட்டார். சிநேகிதரின் மைத்துனர் வண்டலூர் பக்கம் தர்ப்பூசணிக் கடை போட்டிருந்தார். பொழுது சாயும்போது பாய் இரண்டு பெரிய தர்ப்பூசணிகளோடு டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கண்டன்சர்?" என்றார் டீச்சர்.

பாய் தர்ப்பூசணியைப் பார்த்தார். தர்ப்பூசணி அவரைப் பார்த்தது.

"செம்ம இனிப்பு டீச்சர்," என்றார் கடைசியில்.

அந்த ஏணி அந்த ஹாலில் வெகுகாலம் நின்றது. பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள். "சுவரில் சாய்த்துவைக்கப்பட்ட ஏணி ஒன்று" என்று ஆரம்பிக்கும் கணக்குகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் புலியானதற்கு அதுதான் காரணம் என்று டீச்சரே சொல்வார்.

பாய் செல்போனை அரிசி டிரம்மில் வைத்துவிடுவார். ஷமீமா கூப்பிட்டால் டிரம் பாடும். கடைச் சாவியை ஃபிரிட்ஜில் முட்டைக்குப் பக்கத்தில் வைப்பார். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் இன்னொருவர் செருப்புமாகத் தெருவுக்குள் வந்தார். கொஞ்ச நேரத்தில், அதேபோல் ஜோடி மாறிய செருப்போடு ஒரு பெரியவர் தேடிக்கொண்டு வந்தார். திட்டத்தான் வந்தார். பாய் அவரைக் கடையில் உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்து, அவர் வீட்டு கிரைண்டர் போடும் சத்தத்தைப் பற்றிக் கேட்டு, டீ வாங்கித் தந்து அனுப்பினார். பெரியவர் சிரித்துக்கொண்டே போனார். அதே ஜோடி மாறிய செருப்போடு.

இவ்வளவுக்கும் அவர் கவனமே இல்லாத ஆள் என்று சொல்லிவிட முடியாது. எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்ட உட்கார்ந்தால் அவரை அசைக்க முடியாது. சாப்பாடு ஆறும். வாடிக்கையாளர் கத்துவார். ஒரு ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் கடைக்குள் புகுந்து, ஒரு பிளாஸ்டிக் முக்காலி மிதந்து அவரைத் தாண்டி வெளியே போனது. நான் மாடிப்படியில் நின்று கத்தினேன்.

"பாய்! தண்ணி!"

"வேணாம் சார், இப்பதான் குடிச்சேன்," என்றார் தலை நிமிராமல்.

இப்படி எல்லாவற்றையும் நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். ஷமீமாவும் சேர்ந்துதான் சிரிப்பார். ஆனால் அவர் சிரிப்பு எப்போதும் மற்றவர்களுக்கு முன்னால் முடிந்துவிடும். மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடும் வேலை அவருக்கு. அங்கிருந்தபடியே போனில் வீட்டையும் ஓட்டுவார். கேஸுக்குச் சொன்னீங்களா? கரன்ட் பில் கட்டினீங்களா? அடுப்பை அணைச்சீங்களா? பாய் எல்லாவற்றுக்கும் "தோ" என்பார். அந்தத் 'தோ'வை நம்பி அந்தப் பெண் எத்தனை தடவை ஏமாந்திருப்பார் என்று எங்களில் ஒருவரும் யோசித்ததில்லை.

மழை வலுத்த ஒரு நாள் பள்ளிக்கூடத்தை மதியத்தோடு விட்டுவிட்டார்கள். பாயின் போனுக்குச் செய்தி வந்தது. அவரும் உடனே மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ரிஸ்வானாவைக் கூட்டிவரக் கிளம்பினார். நானே பார்த்தேன்.

சாயங்காலம் தெருவிளக்கு எரிய ஆரம்பித்த நேரத்தில், தொப்பலாக நனைந்து, முகமெல்லாம் சிரிப்பாக வந்து இறங்கினார். நான் மாடிப்படியில் இருந்தேன். ஷமீமா அப்போதுதான் வேலை முடிந்து வந்து குடையை மடக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு வூட்டுக்குள்ள தண்ணி பூந்துகிச்சு சார். பாவம், வயசான ரெண்டு பேரு. மோட்டார் ஸ்டார்ட் ஆவல. நான் குந்திகினு பிரிச்சு, கழுவி, மாட்டி... ஓட வெச்சுட்டேன் சார்! தண்ணி அப்டியே எறங்கிச்சு. அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க சார்!"

ஷமீமா கேட்டார்: "ரிஸ்வானா எங்க?"

ஒரு மனிதனின் முகத்திலிருந்து சிரிப்பு அப்படி வழிந்து போனதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவர் வாயைத் திறந்தார். 'தோ' கூட வரவில்லை.

என் பைக்கில் மூன்று பேரும் போனோம். மூடிய பள்ளிக்கூடத்தின் கேட்டுக்குள், வாட்ச்மேனின் நாற்காலியில், வாட்ச்மேனின் சட்டையைப் போர்த்திக்கொண்டு ரிஸ்வானா உட்கார்ந்திருந்தாள். வாட்ச்மேன் தன்னிடம் இருந்த ஒரே எண்ணான பாயின் போனுக்குக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அது வண்டிப் பெட்டிக்குள் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. குழந்தை அழவில்லை. எழுந்து வந்து, "அத்தா, நான் வெயிட் பண்ணேன்," என்று மட்டும் சொன்னாள். ஏதோ தான் சரியாக நடந்துகொண்டதைச் சொல்வதுபோல.

மறுநாள் காலை ஷமீமா குழந்தையோடு பல்லாவரத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார்.

பாய் கடையைத் திறக்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கத்தியிருந்தா பரவால்ல சார். ஒண்ணுமே சொல்லல. துணிய மடிச்சுகினே இருந்தா. போறப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'யாரு வூட்டு மோட்டாரோ ஞாபகம் இருந்துச்சு, நம்ம புள்ள ஞாபகம் இல்லயா'ன்னா. இன்னா சார் பதில் சொல்றது? மோட்டாரும் ஞாபகத்துல இல்ல சார். அது கைல இருந்துச்சு, அவ்ளோதான். கைல இருக்கறதுதான் எனக்கு உலகம். கைய வுட்டுப் போனா அது எங்க போவுதுன்னே தெரியல. புள்ள மேல பாசம் இல்லாதவன்னு நெனச்சுட்டா சார்."

"அப்படி நெனச்சிருக்க மாட்டாங்க பாய்."

"நானே நெனச்சுட்டேன் சார்."



ரிஸ்வானா வகுப்பில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று பள்ளியில் முன்பே சொல்லியிருந்தார்கள். இப்போது ஷமீமா குரோம்பேட்டையில் குழந்தைகள் மனநல மருத்துவர் ஒருவரிடம் நேரம் வாங்கினார். அப்பாவும் வரவேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வழியில் எங்கும் இறங்கிவிடாமல் அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை எனக்கு. நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததைப் பிற்பாடு ஷமீமாதான் சொன்னார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு.

டாக்டர் ரிஸ்வானாவோடு நெடுநேரம் பேசினாராம். பிறகு ஷமீமாவிடம் கேள்வி மேல் கேள்வி. ஆரம்பித்த வேலையை முடிப்பாளா? பொருளைத் தொலைப்பாளா? பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போவாளா? ஷமீமா ஒவ்வொன்றுக்கும், "இவ அப்படியில்ல டாக்டர். ஆனா இவங்க அத்தா..." என்றே ஆரம்பித்தாராம். டாக்டர் அத்தாவைத் திரும்பிப் பார்த்தார். நாற்காலி காலி. அவர் சுவரோரம் நின்றுகொண்டு, சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் குப்புறப் போட்டு, பின்பக்கம் திறந்துவிட்டிருந்தார்.

"சார், அதை எதுக்குக் கழட்டினீங்க?"

"ஓடல மேடம்."

"ஓடிட்டுதானே சார் இருந்தது?"

பாய் கையிலிருந்த முள்ளைப் பார்த்தார். "இப்ப ஓடல மேடம்."

டாக்டர் சிரிக்கவில்லையாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "குழந்தைக்கு ஒண்ணும் இல்லம்மா, வேடிக்கை பாக்கறா. கொஞ்ச நேரம் நான் சார்கூடப் பேசலாமா?" என்றாராம். பள்ளிக்கூடத்தில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டார். வீட்டில் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். பாய் பேச ஆரம்பித்தவர், முதல்முறையாகப் பேச்சு மாறாமல் பேசினாராம்.

அங்கிருந்து பெரியவர்களைப் பார்க்கும் இன்னொரு மருத்துவரிடம் அனுப்பினார்கள். சில தடவை போய்வந்த பிறகு, அவருக்கு இருப்பது ஏ.டி.ஹெச்.டி. என்று சொன்னார்கள். கவனத்தை நினைத்த இடத்தில் நிறுத்தவும் நினைத்தபோது திருப்பவும் மூளை படுத்தும் பாடு, பிறவியிலேயே வருவது, வளர்ந்தால் தானாகப் போய்விடும் என்று இல்லை, சோம்பலும் அல்ல, திமிரும் அல்ல. இப்படி டாக்டர் சொன்னதை பாய் என்னிடம் தன் பாணியில் சொன்னார்.

"உங்களுக்கெல்லாம் சாதா டிவி சார். எனக்குப் பொறக்கறப்பவே ஆண்டவன் ஹெச்.டி. குடுத்துட்டான். இன்னா ஒண்ணு, ரிமோட்ட குடுக்கல."

சொல்லிச் சிரித்தவர், சிரிப்பின் நடுவிலேயே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"எங்கத்தா சாவற வரைக்கும் என்ன உருப்படாதவன்னுதான் சார் கூப்ட்டாரு. நானும் அதான்னு நெனச்சுகினு இருந்தேன். அவரு போறதுக்கு முன்ன இத யாராவது சொல்லியிருக்கலாம்."

நான் பல்லாவரத்துக்குப் போன் போட்டேன். செய்தி அங்கேயும் தெரிந்திருந்தது.

"பேரு வெச்சுட்டா சரியாயிடுமா தம்பி?" என்றார் ஷமீமா. கோபமில்லை. களைப்பு. "அவர் வேணும்னு பண்ணலன்னு எனக்கு எப்பவோ தெரியும். அன்னைக்கு மழையில நின்னது என் பொண்ணு. அவர் பண்ணாததுக்கு ஒரு பேரு கெடச்சிருக்கு, சந்தோஷம். இனிமே என்ன பண்றார்னு பாக்கறேன்."

அதன்படி ஏற்பாடு ஆயிற்று. காலையில் ஷமீமா வேலைக்குப் போகும்போது ரிஸ்வானாவைப் பள்ளியில் விடுவார். மாலையில் பாய் கூட்டிவந்து பல்லாவரத்தில் ஒப்படைக்க வேண்டும்.

பாய் போருக்குப் புறப்படுவதுபோல் இறங்கினார். முதல் தடை மாத்திரை. "கவனம் வர்றதுக்கு மாத்திர குடுத்தாரு சார். அதப் போட மறந்துடறேன்." அதை பிரஷ்ஷோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார். கடைச் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

அடுத்தது அலாரம். எந்த மணி அடித்தாலும் தடவி அணைத்துவிடுகிறார் என்பதால், ரிஸ்வானாவின் குரலையே பதிவு செய்து வைத்தார். "அத்தா, கெளம்புங்க! அத்தா, கெளம்புங்க!" அந்தக் குரலுக்கு அவர் கட்டுப்பட்டார். ஆனால் அது அவர் எங்கே இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டு அடிப்பதில்லையே? ஒரு நாள் முடிதிருத்தும் கடையில் இருந்தபோது அடித்துவிட்டது. கழுத்தில் கட்டிய துணியோடும், ஒரு கன்னம் வழவழப்பாக, மறு கன்னம் நுரையாகவும் அவர் முடிச்சூர் சாலையில் வண்டியில் பறந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள். பின்னாலேயே கத்தியோடு கடைக்காரர் ஓடிவந்ததுதான் காட்சியைக் கொஞ்சம் கெடுத்துவிட்டது.

கடை வேலைக்கு டாக்டர் இன்னொரு யோசனை சொல்லியிருந்தார். யாராவது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், வேலை முடியும் என்று. பாய் நேராக மாடிக்கு வந்தார்.

"சார், நீங்க சும்மாதான கீறீங்க?"

"எழுதறேன் பாய்."

"அதான் சார். அத கீழ குந்திகினு எழுதுங்க."

என் தொழிலுக்குக் கிடைத்த மரியாதையை விழுங்கிக்கொண்டு, லேப்டாப்போடு கீழே போனேன். அவர் ஒரு பக்கம் மிக்ஸி, நான் ஒரு பக்கம் கட்டுரை. அவர் எழுந்தால் நான் பார்ப்பேன், உட்காருவார். நான் செல்போனை எடுத்தால் அவர் ஸ்க்ரூடிரைவரால் மேசையில் தட்டுவார், வைத்துவிடுவேன். நாள் முழுக்க நாங்கள் பேசுவது பத்து வார்த்தை இருக்காது. என் வாழ்க்கையில் நான் சொன்ன தேதிக்குள் கட்டுரை அனுப்பிய காலம் அது ஒன்றுதான். ஆசிரியர் போன் செய்து உடம்பு நன்றாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

கஸ்தூரி டீச்சரின் ஃபேன் ஒரு நாள் காலையில் மாட்டப்பட்டுச் சுற்றியது. டீச்சர் அதன் கீழே நின்று சந்தேகத்தோடு அண்ணாந்து பார்த்தார். "பாய், இது என் ஃபேன்தானே?"

"சத்தியமா டீச்சர்."

"மூணு இறக்கையும் இருக்கே, அதான் கேட்டேன்."

ஆனாலும் பாய்க்குத் தன் மேல் நம்பிக்கை வரவில்லை. அலாரம் அடிக்காவிட்டால்? வழியில் யாருக்காவது மோட்டார் ரிப்பேரானால்? அதனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததுமே கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்விடுவார். வெயிலானாலும் மழையானாலும் எதிரிலிருக்கும் புங்க மரத்தடியில் குத்தவைத்து, கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அவரைப்போல ஓர் ஆளுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியும்.

வாட்ச்மேனுக்கு முதலில் அவர்மேல் கோபம் இருந்தது. அன்று குழந்தையைக் காத்தவர் அவர்தானே? நாள்பட நாள்பட மனம் இளகி, உள்ளே கூப்பிட்டு நிழலில் உட்காரவைத்தார். அங்கேதான் வினை. வாட்ச்மேனின் தலைக்கு மேல் பள்ளிக்கூட மின்சார மணி இருந்தது. அது கொஞ்ச நாளாகத் தொண்டை கட்டியதுபோல் அடித்துக்கொண்டிருந்தது.

"காயில் போயிருக்கும்ணே," என்றார் பாய்.

"அத வுடு பாய். ஆபீஸ்ல சொல்லிக்கீறேன், ஆள் வரும்."

"ஒரு நிமிஷம்ணே. தோ."

நாற்காலிமேல் ஏறினார். திறந்தார். அவ்வளவுதான், உலகம் கைக்குள் வந்துவிட்டது. வாட்ச்மேன் ஏதோ சொன்னார், காதில் விழவில்லை. கம்பி ஒன்றோடு ஒன்று பட்டு மணி அடிக்க ஆரம்பித்தது. நின்றால்தானே? பள்ளிக்கூடம் விட நேரம் இருந்தும், பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியிலிருந்தும் ஆரவாரத்தோடு இறங்கினார்கள். டீச்சர்கள் தடுத்தார்கள். தலைமையாசிரியை அறையிலிருந்து ஓடிவந்து, "யாருய்யா அது? முதல்ல அதை நிறுத்துய்யா!" என்று கத்தினார்.

பாய் ஒரு கையில் மணியும் மறு கையில் ஸ்க்ரூடிரைவருமாக மும்முரமாக இருந்தார். அப்போது அந்தக் கூட்டத்தில் எங்கேயோ, ரிப்பன் அவிழ்ந்த ஒரு தலை தெரிந்தது.

கையை விட்டுவிட்டார். மணி ஒற்றைக் கம்பியில் தொங்கி அலறியது. அவர் நாற்காலியிலிருந்து குதித்து, பிள்ளைகளுக்கு நடுவே புகுந்து, ரிஸ்வானாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"இதை யார் முடிக்கறது?" என்றார் தலைமையாசிரியை, காதைப் பொத்திக்கொண்டு.

"நாளைக்கு வந்து போடறேன் மேடம். இப்ப புள்ளய கூட்டிகினு போவணும்!"

எதிர்ப்பக்கம் புங்க மரத்துக்குப் பின்னால் ஷமீமா நின்றிருந்தார். அனுமதி கேட்டுக்கொண்டு வேலையிலிருந்து கிளம்பி, அடிக்கடி அப்படி மறைந்து நின்று பார்த்துவிட்டுப் போவாராம். அன்று அவர் மறைந்தே நின்றுவிடவில்லை. சாலையைத் தாண்டி வந்து, புடவைத் தலைப்பால் புருஷனின் நெற்றியில் இருந்த தூசியைத் துடைத்தார்.

"பெல்லு என்னாச்சு?"

"முக்கால் முடிஞ்சுது," என்றார் பாய்.

ஷமீமா நடுத்தெருவில் நின்று சிரித்தார். இந்தத் தடவை அவர் சிரிப்புதான் எல்லோருடையதையும்விடக் கடைசியில் முடிந்தது. அந்த வாரம் மூட்டையைக் கட்டிக்கொண்டு முடிச்சூருக்கு வந்துவிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் கதை விடப் போவதில்லை. வீட்டில் கோபம் இருந்தது, மாத்திரை மறந்த நாட்கள் இருந்தன, ஒரு பெருநாளைக்குத் தைக்கக் கொடுத்த துணி அடுத்த பெருநாளைக்கு வந்தது. ஷமீமா கத்துவார். பாய் இப்போது 'தோ' என்பதில்லை. "எழுதி ஒட்டிடு, இல்லாட்டி என் முன்னாடியே நில்லு," என்பார். ஷமீமா நிற்பார். வேலை முடியும்.

பிறகு எனக்குக் கல்யாணமாகி, மனைவியின் வேலைக்காகப் பள்ளிக்கரணைக்கு வந்துவிட்டேன். பதினோராவது மாடி. பால்கனியில் நின்றால் சதுப்பு நிலமும் கொக்குகளும் தெரியும். அக்கம்பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றுதான் தெரியாது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ரிஸ்வானா இப்போது கல்லூரிக்குப் போகிறாள். பாய் இப்போது தாடி வைத்திருக்கிறார், அதுவும் நரைத்துவிட்டது. என் மனைவியின் சமையலைப் புகழ ஆரம்பித்து, பறவைகளுக்குப் போய், அங்கிருந்து லிஃப்ட் மோட்டாருக்குத் தாவி, அதைப் பார்க்க எழுந்தே போய்விட்டார். ஷமீமா பின்னாலேயே ஓடினார்.

ரிஸ்வானா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "அங்கிள், அத்தா இன்னும் சில நாள் கடையில இருந்து மாடிய பாத்து, 'சார், டீ சொல்லட்டுமா'ன்னு கத்துவார். அப்புறம் மேல வேற ஆளு எட்டிப் பாத்ததும்தான், ஆமால்லன்னு அவரே சிரிச்சுக்குவார்."

அந்த மனிதர் மறந்துபோன எத்தனையோ விஷயங்களில், நான் அந்தத் தெருவை விட்டுப் போனதை மறந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.